துடக்கு முடியாத வீடு

எங்களுக்கு உதவி செய்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். அவர்கள் சாப்பாடு அனுப்பாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் அந்த வருஷமே போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவள் நான். அதோடு சேர்த்து எத்தனை பேருடைய புத்திமதியை விழுங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

1943. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பினாங்கில் வாந்திபேதி. அப்பா துறைமுக ஆபீஸில் கிளார்க். திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் செவ்வாய்க்கிழமை மாலை இல்லை. வியாழக்கிழமை அம்மாவும் இல்லை. இரண்டு தடவையும் சுகாதார இலாகா லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது. எங்கே எரித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய என் தம்பி நாகநாதனை லாரியில் ஏற விடவில்லை. சாம்பல் என்று ஒரு பிடிகூட எங்கள் கைக்கு வரவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நாகநாதனுக்குப் பதினாலு. தங்கை செல்விக்கு ஒன்பது.

உடனே எங்கள் சங்கம் கூடியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளார்க் குடும்பங்களின் சங்கம் அது. செயலாளர் விநாசித்தம்பி மாமா. வெள்ளைக்காரன் காலத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்மானம் எழுதாமல் தும்மக்கூட மாட்டார். கூட்டம் முடிந்து எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, நோட்டுப் புத்தகத்தை விரித்து, சத்தமாக வாசித்தார்.

முதல் தீர்மானம்: துடக்கு முடியும்வரை ஏழு வீடுகள், நாளுக்கு ஒன்றாக, இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டியது. இரண்டாவது தீர்மானம்: அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிந்ததும் மூத்தவள் கமலாம்பிகையை, அதாவது என்னை, மனைவியை இழந்த நாற்பத்திரண்டு வயதுத் தபால் கிளார்க் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியது. நாகநாதனைக் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ரயில்வே ஸ்டோர்கீப்பர் வீட்டில் விட வேண்டியது. சின்னவள் செல்வநாயகியைத் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஒரு டிஸ்பென்சர் வீட்டில் வளர்க்க வேண்டியது.

"விளங்கிச்சோ பிள்ளை?" என்றார் மாமா.

நன்றாக விளங்கியது. அப்பாவும் அம்மாவும் போய் ஆறு நாளில் எங்களை மூன்றாகப் பங்கு போட்டுவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அதைத் தீர்மானத்தில் எங்கே எழுதுவது?

துடக்கு என்றால் தீட்டு. எங்கள் ஆட்களுக்குச் சாவு வீட்டில் அது முப்பத்தொரு நாள். அந்த நாட்களில் யாரும் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரமாட்டார்கள். நாங்களும் யார் வீட்டுப் படியும் மிதிக்கக் கூடாது. கல்யாணம், குடிபோதல் எதுவும் கிடையாது. முப்பத்தொன்றாம் நாள் சைவக் குருக்கள் வந்து, மகனைக் கொண்டு அந்தியேட்டிக் கிரியை செய்வித்து, போனவர்களை வழியனுப்பி வைத்தால்தான் வீடு சுத்தமாகும். சுத்தமான மறுநாளே நாங்கள் ஆளுக்கொரு திசை.

சாப்பாடு வந்தது. ஏழு வீட்டிலிருந்தும் மரவள்ளிக்கிழங்குதான் வந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஊர் முழுக்க அதுதான். செவ்வாய்க்கிழமை விநாசித்தம்பி மாமாவின் மனைவி கனகேஸ்வரி மாமியின் முறை. சட்டியைக் கேட்டடியில் வைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கத்துவார்.

"தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ! சின்னவளை வெளியில விடாதை! தலைமயிரை ஒழுங்காய் இழுத்துக் கட்டு, கமலம்!"

வாந்திபேதிக்கும் என் தலைமயிருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புதன்கிழமை வீட்டுக்காரர் விபூதி அனுப்புவார். வியாழன் வீடு, அம்மா என்ன பாவம் செய்தாளோ என்று அழுதுகொண்டே கிழங்கைக் கொடுக்கும். அழுகை நிற்கும்வரை சட்டியைத் தூக்க முடியாமல் நான் கேட்டடியில் நிற்பேன். செல்விக்குப் பசி தாங்காது. உள்ளேயிருந்து, "அக்கா, அவங்க அழுது முடிச்சாச்சா?" என்று கேட்பாள்.

முப்பத்தொன்றாம் நாள் நெருங்கியபோதுதான் கூத்து ஆரம்பமானது. இரண்டு பேருக்கும் சேர்த்து அம்மாவின் நாளைத்தான் கணக்காக வைத்தார்கள். அம்மா போனது பழைய நேரப்படி வியாழக்கிழமை, பத்தே முக்கால் மணி இரவில். ஆனால் ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி, மலாயா முழுவதையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்தான். அந்தக் கணக்கில் வெள்ளிக்கிழமை பிறந்து கால் மணி ஆகிவிட்டது. மரணச் சான்றிதழிலும் வெள்ளி என்றுதான் இருந்தது. பஞ்சாங்கம் டோக்கியோவுக்குப் போகாது, அம்மா வியாழன்தான் போனாள் என்றார் குருக்கள். அரசாங்கக் காகிதத்தில் உள்ளதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்றார் விநாசித்தம்பி மாமா. வேறு யாருக்காவது இப்படி ஒரு சண்டை வருமா? மூன்று கூட்டம் போட்டார்கள். பஞ்சாங்கத்துக்கும் வேண்டாம், சான்றிதழுக்கும் வேண்டாம், பொதுவாகப் புதன்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானபோது அந்தப் புதனும் தாண்டிவிட்டது.

இன்னொரு நாள் பார்க்கலாம் என்றிருந்தபோது குருக்கள் வேறொரு வாந்திபேதி வீட்டின் எட்டாம் நாள் கிரியைக்காகப் பட்டர்வொர்த் போனார். அன்று மாலையே உத்தரவு வந்தது. வாந்திபேதி ஊசி போட்ட சீட்டு இல்லாதவர் யாரும் கரைக்குக் கரை போகும் பெர்ரியில் ஏறக் கூடாது. குருக்களோ ஊசி போடமாட்டேன் என்றுவிட்டார். அந்த மருந்தை மாட்டு ரத்தத்தில் செய்கிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கரையில் இருந்த ஒரே சைவக் குருக்கள் அவர்தான். அவர் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இரண்டு நாள் சட்டி பானையைப் போட்டு உருட்டினேன். மூன்றாம் நாள் காலையில் கனகேஸ்வரி மாமியின் சட்டி வழக்கம்போல் வந்தது. அதைத் தூக்கும்போதுதான் உறைத்தது. கிரியை நடக்காவிட்டால் துடக்குக் கழியாது. கழியாவிட்டால் சாப்பாடு நிற்காது. யாரும் எங்களைப் பிரிக்கவும் முடியாது. துடக்கு வீட்டுப் பிள்ளையை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? எந்த மாப்பிள்ளை தாலி கட்டுவார்?

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்றவர்கள் கரையேறாமல் நிற்கிறார்களே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கிழங்கைப் பங்கு வைத்தேன். நாற்பதாம் நாள் போனது. ஐம்பதாம் நாளும் போனது.

அந்தச் சமயத்தில்தான் செபாஸ்டியன் அண்ணன் வந்தார். சுகாதார இலாகாவில் ஊசியும் கட்டும் போடும் டிரெஸ்ஸர், கத்தோலிக்கர். முன்பு கிருமி போக எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆட்களோடு வந்தவரும் அவர்தான். அவருக்குத் துடக்கு, தீட்டு ஒன்றும் கிடையாது. நேரே உள்ளே வந்தார். உத்தரவுப்படி வீட்டில் உள்ளவர்களின் பெயரை நான் எழுதிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இது யாரு எழுதுனது? நீயா தங்கச்சி? என்கிட்ட ஊசிச் சீட்டு எழுத ஆள் இல்ல லா. ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வர்றாங்க. பேரு, வயசு, தேதி, அவ்ளோதான். மாசம் பத்துக் காத்தி அரிசி குடுக்கறாங்க. வர்றியா?"

பத்துக் காத்தி என்றால் ஆறு கிலோ. கிழங்கில்லை, அரிசி! நான் செருப்பைத் தேடினேன்.

விநாசித்தம்பி மாமா மறுநாள் கேட்டுக்கு வந்துவிட்டார். "துடக்கு வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போறதோ? சங்கத்தின்ர மானம் என்னாகிறது? இதைப் பற்றிப் பேச வேணும்."

"உள்ள வந்து உட்காந்து பேசுங்க மாமா" என்றேன்.

அவரால் வர முடியாது. கேட்டைப் பிடித்துக்கொண்டு முழித்தார். "கிரியை முடியட்டும், பேசுவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் துடக்கைப்போல உற்ற துணை எனக்கு அந்த வருஷம் வேறு கிடைக்கவில்லை.

ஆனால் நாகநாதனை என்ன செய்வது? அவன் சாப்பிடுவதில்லை. கிழங்கைப் பிசைந்துகொண்டே இருப்பான். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்.

"அப்பா கனவுல வந்து தண்ணி கேக்கறாருக்கா. நான் கொள்ளியும் வைக்கல, பிண்டமும் போடல. நீ குருக்கள் ஐயா வரக்கூடாதுன்னு நினைக்கிற. எனக்குத் தெரியும்."

அறைந்துவிட்டேன். பொய் சொல்லியிருந்தால் அறைந்திருக்கமாட்டேன். அவன் அழவில்லை. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு எனக்காகச் சாப்பிடுவதுபோல் இரண்டு வாய் சாப்பிட்டான். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

புதன்கிழமைகளில் செபாஸ்டியன் அண்ணன் பெர்ரியில் பட்டர்வொர்த் போய் அங்கே பெர்ரி நிற்கும் ஜெட்டித் துறையில் ஊசி போடுவார். மேசை நாற்காலியோடு நானும் போவேன். எழுபதாம் நாள் கழிந்த புதன்கிழமை, வரிசையில் எட்டாவது ஆளாக நம் குருக்கள் நின்றார். பாதியாகக் காய்ந்து போயிருந்தார். மேல்துண்டால் கையை மூடிக்கொண்டு செபாஸ்டியன் அண்ணனைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தம்பி, இது மாட்டு ரத்தமோ?"

"ஐயரே, மாடே கண்ணுல காணோம் லா. ரத்தத்துக்கு நான் எங்க போவேன்?"

"நோகுமோ?"

"பின்னாடி முப்பது பேர் நிக்கறாங்க ஐயரே!"

ஊசி இறங்கியபோது ஒரு சின்னப் பிள்ளையைப்போல் முகத்தைச் சுளித்தார். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கமலமோ? நல்லதாய்ப் போச்சு. உன்ர தேப்பனும் தாயும் எத்தினை நாளாய்த் தண்ணி இல்லாமல் நிக்கினம், பிள்ளை. எனக்கு நித்திரை இல்லை. அதுதான் மாடோ பன்றியோ, குத்தட்டும் எண்டு வந்திட்டன். நாளைக்கே வாறன்."

மேசையில் சீட்டுக் கட்டு இருந்தது. தீர்ந்துவிட்டது, அடுத்த புதன் வாருங்கள் என்று சொல்லிவிடலாம். அவர் கேள்வி கேட்கமாட்டார். அடுத்த புதனும் அதையே சொல்லலாம். செபாஸ்டியன் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்னைத் தடுக்க யாரும் இல்லை.

எனக்கு இந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் மாட்டு ரத்தம் என்று மறுத்தவருக்கு இன்றைக்கா நித்திரை வராமல் போக வேண்டும்? பயந்த மனிதர், பயத்தோடேயே வந்து கையை நீட்டியிருக்கிறார், அதுவும் எங்களுக்காக. நான் மட்டும் பெற்றவர்களை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, அதுவே எங்கள் வீட்டுக்குத் தாழ்ப்பாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நாகநாதன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. பெயரை எழுதினேன். வயதை எழுதினேன். தேதியை எழுதிச் சீட்டை நீட்டினேன்.

"மேசையில வை, பிள்ளை. துடக்கெல்லோ" என்றார்.

வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கடற்கரையில் கிரியை நடந்தது. பிண்டத்துக்கு என் பத்துக் காத்தியிலிருந்து அரிசி எடுத்து வடித்தேன். வெள்ளைச் சோற்றைப் பார்த்துச் செல்வி எச்சில் விழுங்கினாள். "இதைக் கடல்லயா போடணும்?" என்று கேட்டாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். நாகநாதன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிண்டத்தை விட்டுவிட்டு மூன்று தடவை முழுகினான். எழுந்தபோது வாய்விட்டு அழுதான், எழுபது நாளில் முதல் தடவையாக. கரையில் நான் அழுததையும் ஒளிக்கவில்லை.

பிற்பகல் சங்கத்தார் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். விநாசித்தம்பி மாமா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நான் அவரை வாசிக்க விடவில்லை.

"மாமா, நாங்க மூணு பேரும் இந்த வீட்லதான் இருப்போம். எனக்கு வேலை இருக்கு, அரிசி வருது. தபால் ஆபீஸ்காரரை நான் கட்ட மாட்டேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனகேஸ்வரி மாமிதான் பட்டென்று சொன்னார். "அந்த மனுசன் போன மாசமே சுங்கைப்பட்டாணியில வேற பெட்டையைக் கட்டிட்டுது. இவர் உங்களுக்குச் சொல்லேல்லை."

எனக்குச் சிரிப்பதா, நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போடுவதா என்று தெரியவில்லை. நான் தூக்கம் கெட்டுப் பயந்த மாப்பிள்ளை எனக்காக இரண்டு மாதம்கூடக் காத்திருக்கவில்லை!

"சரி, அது கிடக்கட்டும். சின்னவள்?" என்றார் மாமா.

"செல்வியைத் தரமாட்டேன்." அவள் என் பாவாடையைப் பிடித்திருந்த பிடியிலேயே அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவர் அடித்து எழுதினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது நாகநாதன், தலை இன்னும் ஈரமாக, சுவர் ஓரத்திலிருந்து சொன்னான். "மாமா, நான் பட்டர்வொர்த் போறேன்."

"யார் உன்னைக் கேட்டா?" என்று கத்தினேன்.

"பத்துக் காத்தி மூணு பேருக்குப் பத்தாதுக்கா. இனிமே ஏழு வீட்டுச் சாப்பாடும் வராது. ரெண்டு பேருக்குன்னா பத்தும். ஸ்டோர்கீப்பர் வீட்ல சோறு இருக்கு."

"குடிச்சிக்கலாம்டா கஞ்சி! பாதிப் பாதியா குடிச்சிக்கலாம்!"

"செல்வி கையைப் பாரு" என்றான்.

பார்த்தேன். குச்சியாக இருந்தது. அந்தக் கையை என் கைக்குள் மூடினேன். நாகநாதனுக்கு அப்பாவின் சாயல் என்று ஊரில் சொல்வார்கள். அப்பாவின் பிடிவாதமும் இவனிடம்தான் வந்து சேர வேண்டுமா?

"மாமா, அவன் தானா போறான்னு எழுதுங்க. சங்கம் அனுப்புச்சுன்னு எழுதாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மாமா நான் சொன்னபடியே எழுதினார்.

திங்கட்கிழமை அவன் போய்விட்டான். அடுத்த புதன்கிழமை பட்டர்வொர்த் ஜெட்டியில் முந்நூறு சீட்டு எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்த்தேன். அவன் இல்லை. சாயங்காலம் மேசையை மடக்கும்போது ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தான். பிரித்தால் சோறு. காலையில் வைத்த சோறு, அமுங்கிப் போயிருந்தது.

"இது ஏது?"

"மீந்து போச்சு. செல்விக்குக் குடு."

ஜப்பான்காரன் காலத்தில் எந்த வீட்டில் சோறு மீந்தது? இவன் யாரிடம் கதை விடுகிறான்?

"நீ சாப்டியா?"

"சாப்டேன்."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவன் கடலைப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் காதைப் பிடித்து இழுத்து ஜெட்டிப் பலகையில் உட்கார வைத்தேன். பொட்டலத்தை மடியில் விரித்தேன். சோற்றை நடுவில் கோடு கிழித்துப் பிரித்தேன்.

"இந்தப் பக்கம் உனக்கு. திங்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

"பெர்ரி போயிரும்கா."

"போகட்டும்! வாயைத் திற."

செபாஸ்டியன் அண்ணன் பெர்ரியிலிருந்து கையை ஆட்டிக் கத்தினார். ஊதல் இரண்டாம் தடவை ஊதியது. நாகநாதன் அழுதுகொண்டே மென்றான். நான் திட்டிக்கொண்டே அடுத்த பிடியை உருட்டினேன்.